பெரிய வாசலில் நின்ற பெட்டி

இந்த ஸ்டேஷன் சுவருக்குப் பட்டி பார்க்காமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், மேடம். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் உப்புப் பூத்து உரிகிறது பாருங்கள். குற்றமாகச் சொல்லவில்லை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன், கண் முதலில் அங்கேதான் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பெயர் இக்னேஷியஸ், வயது அறுபத்தாறு, வீடு சேக்காட்டில். பூந்தமல்லி தூய மிக்கேல் பேராலயத்தின் ஜூபிலி கமிட்டிச் செயலாளர். வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று உங்கள் ஏட்டு காதில் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு வக்கீல் வேண்டாம். நான் நேராகச் சொல்வதை அவர் வந்து கோணலாக்குவார். இன்ஸ்பெக்டர் தேவிப்பிரியா, நீங்கள் படித்த பெண். நடுவில் நடுவில் கேள்வி கேட்காமல் எழுதினால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

பேராலயத்துக்கு இந்த வருஷம் நூற்றெழுபத்தைந்து முடிகிறது. ஜூபிலிக்கு ஒரு கிரானைட் கல்வெட்டு போதும் என்று நான் சொன்னேன். கேட்டால்தானே. வெள்ளானூர் பக்கம் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பூசைக்கு மட்டும் காரில் வந்து இறங்குகிற ஐ.டி. ஆட்கள் நாலு பேர் கமிட்டியில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகவில்லை, அதற்குள் நம் கோயில், நம் வரலாறு என்கிறார்கள். பெரிய ஓவியம் வைக்கலாம், நம் பங்கிலேயே ஓவியர் இருக்கிறார் என்று சபீனாவின் பெயரைச் சொன்னது அவர்கள்தான். அந்த வகையில் பார்த்தால் இதெல்லாம் அவர்கள் ஆரம்பித்தது.

சபீனாவுக்கு முப்பத்துநாலு வயது. பேராலயத்துக்குப் பின்னாலிருக்கும் கீழத்தெருவில் பிறந்து, ஓவியக் கல்லூரியில் படித்தவள். அப்பா ஞானசேகரன் டிரங்க் ரோட்டில் லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். எனக்கு அந்தப் பெண்ணின்மேல் எந்த விரோதமும் கிடையாது. இதைத் தனியாக ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

படம் பதினாறு அடி உயரம், பத்தடி அகலம். கோயிலுக்குப் பின்னால் மூடிக்கிடந்த பழைய பள்ளிக்கூட ஹாலில், கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடித்துச் சுவரோரம் நிறுத்தி, முன்னால் சவுக்குக் கம்பில் சாரம் கட்டி வரைந்தாள். சாரம் கட்டியது பந்தல்கார வேம்புலி. ஹால் சாவி என்னிடம். இடது ஓரத்தில் மாட்டு வண்டிகள், செங்கல் சூளை, அஸ்திவாரம் தோண்டுகிற ஆட்கள். வலது ஓரத்தில் மெட்ரோ தூண்கள், பஸ் நிலையம், லாரி வரிசை. நடுவில் பேராலயம், இரண்டு கோபுரத்தோடு. அதைச் சுற்றிப் பூந்தமல்லி முழுக்க எல்லாக் காலத்திலும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கிற மாதிரி. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், பிரமாதமாக வந்துகொண்டிருந்தது.

தினமும் மத்தியானம் என் மொபெட்டில் போய் அவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். எதிரெதிரே உட்கார்ந்து குடிப்போம். அவள் அதிகம் பேச மாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மடியில் ஒரு சின்ன நோட்டு இருக்கும், அதில் பென்சில் ஓடிக்கொண்டே இருக்கும். என் மகள் ஜாஸ்லின் கல்யாணமாகிப் போனபிறகு என்னை அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பிரியமாகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் போனபோது படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. பெரிய வாசலுக்கு முன்னால் மட்டும். படிக்கட்டில் ஒரு சவப்பெட்டி. அதன்மேல் கோணியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். கதவு முக்கால்வாசி சாத்தியிருக்கிறது. இடுக்கில் ஒரு கை, கையில் சாவிக்கொத்து.

உங்களுக்கு வாசல் விவகாரம் தெரியாது, வெளியூர்க்காரர். எங்கள் கோயிலில் இரண்டு வாசல். மேலத்தெருக்காரர்கள் செத்தால் பெட்டி பெரிய வாசல் வழியாக வரும். கீழத்தெருக்காரர்கள் செத்தால் வடக்கு வாசல் வழியாக வரும். யாரும் எழுதி வைக்கவில்லை, வழக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஆயர் இனி எல்லாருக்கும் பெரிய வாசல்தான் என்று அறிக்கை வாசித்தாகிவிட்டது. இன்றைக்கும் அவர்களாகவே வடக்குப் பக்கம்தான் திரும்புகிறார்கள். நாங்கள் கையைப் பிடித்தா இழுத்தோம்?

படத்தில் இருந்தது எழுபத்தொன்பதாம் வருஷத்து நவம்பர். ஞானசேகரனின் அக்கா சகாயம்மாள், இருபத்திரண்டு வயது, எட்டு மாத வயிற்றோடு ஜன்னி கண்டு இறந்துபோனாள். மூன்று நாள் மழையில் வடக்கு வாசல் பக்கம் இடுப்பளவு தண்ணீர். பெட்டியைப் பெரிய வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாமியார் வெளியூர் போனவர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார், அவர் வரும்வரை உள்ளே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கதவு உள்ளேயிருந்து பூட்டப்பட்டது. நாலு மணி நேரம் பெட்டி மழையில் நின்றது. இருட்டுகிற நேரம் பூசை இல்லாமலே கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கோயில் சாவி மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில். பூட்டியது என் அப்பா என்று ஊர் சொன்னது. ஆயர் விசாரணை வைத்து அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அப்பா இருபத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார், ஒரு நாள்கூடக் கோயிலில் முன் பெஞ்சில் உட்காரவில்லை.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"எங்க அத்தை சார்."

"கோயில் படம் கேட்டா சாவு வீட்டை வரைஞ்சு வச்சிருக்கியே."

"கோயில்தான் சார் இது. சாத்திக்கினு கீது பாருங்க, அதான் கோயில். எங்க நைனா பெட்டி மேல கோணியப் புடிச்சிக்கினு நின்னாரு. அவுரு கண்ணால பாத்த கோயிலு இதான்."

அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் குரலை உயர்த்தவில்லை. பேராலயத்துக்குப் பொறுப்பான அதிபர் தந்தையிடம் போனேன். அவர் வந்து படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் இக்னேஷியஸ். நடந்ததுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதுசாக வந்த சாமியார். ஒரு பக்கம் பூசை, ஒரு பக்கம் புரட்சி.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அந்தக் கை என் அப்பாவுடையது என்றுதானே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அப்பா செத்து இருபது வருஷம். அவருக்கு இனி என்ன வலிக்கப்போகிறது. இதிலிருந்தே நான் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

ஒரு வாரம் கழித்துக் கதவிடுக்கில் முகம் வந்துவிட்டது.

இருபது வயது முகம். வகிடு எடுத்த தலை, தாடையில் குழி, ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கிய இமை. அந்த வயதில் எடுத்த ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை. டீ குடிக்கிற நேரத்தில் என்னைப் பார்த்துப் பார்த்து, நாற்பத்தாறு வருஷத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு வரைந்திருக்கிறாள். நான் வாங்கிக் கொடுத்த டீ.

"யார் இது?"

"உங்களுக்குத் தெரியாதா சார்? உங்க அப்பா அன்னிக்குக் காஞ்சிபுரத்துல கல்யாணத்துக்குப் போய்ட்டாரு. அவுரு ஊர்லயே இல்ல. கதவச் சாத்தினது யாருன்னு எங்க நைனா மூஞ்சியப் பாத்தாரு. இத்தினி வருசமா யாராண்டயும் சொல்லல. பெரிய எடத்துப் புள்ள, வேலைக்குப் போவப் போறான், இன்னாத்துக்கு அவன் பொழப்பக் கெடுக்கணும்னு வுட்டுட்டாரு."

ஆமாம், மேடம். பூட்டியது நான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா ஊரில் இல்லை, சாவி என் இடுப்பில் இருந்தது. இன்றைக்குப் பெட்டி உள்ளே வந்தால் நாளைக்கு ஆட்கள் வருவார்கள், முன் பெஞ்சில் உட்காருவார்கள். யாராவது ஒருவர் பூட்டித்தான் ஆகவேண்டும், பூட்டினேன். அப்பா திரும்பி வந்தபோது ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. தான் ஊரில் இல்லை என்று ஆயரிடம்கூட அவர் சொல்லவில்லை, என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். சாகும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசுக்குள் பெருமையாகத்தான் இருந்திருப்பார்.

சபீனாவிடம் நயமாகச் சொன்னேன். முகத்தை மட்டும் எடுத்துவிடு, கை இருக்கட்டும், பெட்டி இருக்கட்டும் என்றேன். ஞானசேகரனே மறந்துவிட்டதை நீ ஏன் தோண்டுகிறாய் என்றேன். அவள் பிரஷைத் துடைத்துக்கொண்டே, "அவுரு மறக்கல சார். வுட்டுட்டாரு. நான் வுட மாட்டேன்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படம் பெரிய வாசலுக்கு உட்புறம் மாட்டப்போவது. கல்யாணத்துக்கு வருகிறவன், ஞானஸ்நானத்துக்கு வருகிறவன், சாவுக்கு வருகிறவன் எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். ஜாஸ்லின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். தாத்தா மாதிரியே இருக்கிறதே என்று அந்தச் சின்னது கையை நீட்டும். நான் செத்து மண்ணான பிறகும் ஊர் பார்க்க அந்தக் கதவைச் சாத்திக்கொண்டே நிற்கவேண்டும். ஒரு மனிதனுக்கு இப்படிச் செய்யலாமா? ஆத்திரமாக இருந்தது. ஆமாம், எழுதுங்கள், ஆத்திரம்தான். ஆனால் நான் ஆத்திரத்தில் எதையும் செய்கிறவன் அல்ல. ஐந்து நாள் நிதானமாக யோசித்தேன்.

செப்டம்பர் முதல் செவ்வாய். கோயில் பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் வளாகத்தில் ஈ காக்கை இருக்காது. சபீனா சாப்பிட வெளியே போயிருந்தாள். நான் சாரத்தில் ஏறி மேல்பலகையின் இடது பக்கக் கயிற்றை அவிழ்த்தேன். அறுக்கவில்லை. பலகையைக் கம்பின் விளிம்பில் நாலு விரற்கடைக்கு நகர்த்தி வைத்தேன். தொழிற்சாலையில் பாதுகாப்புக் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன், சாரத்தில் எங்கே கால் வைத்தால் ஆபத்து என்று வகுப்பே எடுத்திருக்கிறேன். இறங்கிவந்து வழக்கம்போல டீ வாங்கி வந்தேன்.

அவள் வந்து டீ குடித்தாள். கோபுரத்துச் சிலுவை பாக்கி என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். பத்தடி உயரம். கீழே கடப்பா கல். நான் அவளைத் தொடவில்லை.

உடனே உயிர் போகவில்லை. தலைக்குப் பின்னால் அடி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆனால் கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தாள். "சார், நைனாக்குப் போன் பண்ணுங்க" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். என் போன் சட்டைப் பையில் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். சாகிறவர்களுக்காகச் செபிக்காமல் விடுவது எங்களில் பெரிய பாவம். ஜெபமாலையை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை, அதனால் துக்க தேவ இரகசியம், பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. வாய்விட்டு, அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன். அவசரப்படவில்லை. முதல் இரண்டு பத்துக்கு அவள் உதடும் கூடவே அசைந்தது, நல்லபடி வளர்த்திருக்கிறார்கள். நான்காம் பத்தில் மூச்சு நின்றது. ஐந்தாவதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஜெபத்தைப் பாதியில் விடக்கூடாது.

அதற்கப்புறம் படத்துக்கு முன்னால் தொங்குகிற துணியை இழுத்து மூடினேன். வெளியே வந்து கத்தினேன். ஆம்புலன்ஸ் வந்தது, நீங்கள் வந்தீர்கள். உங்கள் ஆட்கள் சாரத்தைப் பார்த்தார்கள், கயிற்றைப் பார்த்தார்கள், துணியை விலக்கி யாரும் படத்தைப் பார்க்கவில்லை. கட்டு சரியாகப் போடவில்லை என்று வேம்புலியைப் பிடித்து இரண்டு நாள் இங்கே வைத்திருந்தீர்கள். அவனுக்குப் பிஸ்கட்டும் பனியனும் கொண்டுவந்து கொடுத்தது யார்? நான். பாவம், எங்கேயோ கை தவறிப்போச்சு சார் என்று அவனே நம்பிக்கொண்டு அழுதான்.

பத்து நாள் கழித்து ஹால் சாவி என் கைக்குத் திரும்பி வந்தது. கதவு வாசல் எல்லாம் படத்தின் கீழ்ப்பாதி, தரையில் நின்றே எட்டும். பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். முதலில் ஒரு கை பிரைமர், மறுநாள் எனாமல். முகம், கை, சாவி, பெட்டி, கோணி பிடித்தவன், மழை எல்லாம் உள்ளே போயின. சாத்திய பெரிய கதவும் சுத்தமான படியும் மட்டும் வெளியே நின்றன. நான் ஓவியன் இல்லை, ஆனால் கதவுக்கு நிறம் பொருத்த எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூபிலியன்று அதிபர் தந்தை படத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். கடைசி நாளில் மனம் மாறி அவளே அழித்துவிட்டாள், சாமி, என்றேன். ஞானசேகரனிடமும் அதையே சொன்னேன். அவர் தலை குனிந்துகொண்டார். செத்தவளிடம் போய் யார் கேட்கப்போகிறார்கள்.

தப்பு நடந்தது பெயிண்டில்தான். தொழிற்சாலை பெயிண்ட் மறுநாள் இறுகிவிடும், எனக்குத் தெரிந்தது அது. அவள் எண்ணெய் வர்ணத்தைக் கத்தியால் கனமாக அப்பியிருந்தாள். அது மேலே காய்ந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்குமாம். அந்த மெத்தென்ற ஈரத்தின்மேல் நான் இறுக்கமான பூச்சை ஏற்றிவிட்டேன். ஜூபிலிக்கு மாட்டிய ஃபோகஸ் விளக்குகளின் சூடு வேறு. நவம்பர் இரண்டாம் ஞாயிறு, எட்டு மணிப் பூசையில், சனங்கள் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது அப்பளம் மாதிரி வெடித்து உதிர ஆரம்பித்தது. முதலில் பெட்டியின் ஒரு மூலை. அப்புறம் கோணி. கடைசியில் நான். வரிசையில் நின்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் வந்து தரையில் கிடந்த ஒரு செதிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். பின்பக்கம் பிரைமரின் சாம்பல் நிறம். ஓவியம் வரைகிறவர்கள் தங்கள் படத்தின்மேல் பிரைமர் அடித்துவிட்டு நிறம் ஏற்ற மாட்டார்கள் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் பிரைமர் இல்லாமல் நிறம் ஏற்ற என் கை ஒத்துக்கொள்ளாது. அந்த ஒரு ஒழுங்குதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு இந்த நாட்டில் இதுதான் கதி.

எழுதியாகிவிட்டதா? கயிறு அவிழ்த்தது, போன் செய்யாதது, படத்தை மூடியது. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் கேள்வித்தாளில் இல்லாத ஒன்றையும் சேர்க்கவேண்டும். அவள் அடக்கத்தன்று நடந்தது.

கீழத்தெருவிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஞானசேகரன் முன்னால். வளாகத்துக்குள் நுழைந்ததும் அவர் கால் தானாக வடக்குப் பக்கம் திரும்பியது. நான்தான் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டேன். பெரிய வாசலின் இரண்டு கதவையும் என் கையாலேயே அகலத் திறந்து வைத்து, "இப்படி வாங்க" என்றேன். அந்தத் தெருவிலிருந்து பெரிய வாசல் வழியாகப் போன முதல் பெட்டி சபீனாவுடையது. மேலத்தெருக்காரர்கள் முறைத்தார்கள். நான் சட்டை செய்யவில்லை.

ஞானசேகரன் பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினார். "பரவால்ல சார். எங்க அக்காவுக்குக் கெடைக்காதது எம் பொண்ணுக்காச்சும் கெடச்சுது. நீங்க நல்லா இருக்கணும்" என்றார். கையை விடவே இல்லை. நானும் அழுதேன். நடிப்பு இல்லை, மேடம், நிஜமாகவே அழுதேன்.

அன்றைக்கே அவர் குடும்பத்துக்கும் எனக்கும் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. அவரே என்னை மன்னித்துவிட்டார். நடுவில் நீங்கள் யார்?